முதுகைத் தாங்கும் வட்டுகள்

நுழையும்முன்

நிமிர்ந்து நடப்பது மனிதருக்கு வாய்த்த சிறப்பு. அந்நிமிர்வுக்கு அடிப்படையாக அமைந்தது முதுகெலும்பு. அதன் எலும்புகளுக்கு இடையே உள்ள வட்டுகள் வாழ்நாள் முழுவதும் உடலின் எடையையும் நாம் சுமக்கும் பொருள்களின் எடையையும் தாங்குகின்றன. அவ்வட்டுகள் எவ்வாறு காயமுறுகின்றன, அக்காயம் ஏன் எளிதில் ஆறுவதில்லை, காயத்துக்கும் வலிக்கும் உள்ள தொடர்பு யாது என்பனவற்றை இப்பாடம் விளக்குகிறது.

மூட்டையும் முதுகும்

ஒரு சிமெண்டு மூட்டையின் எடை 50 கிலோ. கட்டுமான இடங்களில் ஒருவர் ஒரு நாளில் இத்தகைய மூட்டைகள் பலவற்றைத் தூக்கி இறக்குகிறார். தொடர்வண்டி நிலையங்களிலும் காய்கறிச் சந்தைகளிலும் சரக்குக் கிடங்குகளிலும் தலையாலும் முதுகாலும் சுமப்போர் இந்தியாவெங்கும் உள்ளனர். ஊரைவிட்டு வந்து இவ்வேலைகளைச் செய்யும் தமிழர்களும் பலர்.

இவர்களுள் ஒருவர் ஒரு நாள் குனிந்து எழும்போது சட்டென்று நிற்கிறார். “இடுப்பு பிடித்துக்கொண்டது” என்கிறார். தென்மாவட்டத்தார் இதனைக் ‘குறுக்குவலி’ என்பர். மருத்துவரிடம் சென்று வந்தபின், “டிஸ்க் விலகிவிட்டது” என்றோ “ஜவ்வு தேய்ந்துவிட்டது” என்றோ வீட்டில் பேச்சு எழுகிறது. அன்றுமுதல் அச்சமும் தொடங்குகிறது. இனி வேலை செய்ய முடியுமா? படுத்தே கிடக்க வேண்டுமா? அறுவை செய்தாக வேண்டுமா?

இவ்வினாக்களுக்கு விடை காண வேண்டுமெனில், ‘டிஸ்க்’ என்றும் ‘ஜவ்வு’ என்றும் மக்கள் கூறும் அந்த வட்டைப் பற்றி முதலில் அறிய வேண்டும்.

வட்டின் அமைப்பு

முதுகெலும்பு ஒரே எலும்பு அன்று. முள்ளெலும்புகள் பல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட தூண் அது. கழுத்தில் 7, மார்பின் பின்புறம் 12, இடுப்பில் 5 என 24 முள்ளெலும்புகள் தனித்தனியே அசையக் கூடியவை. அவற்றின் கீழே திரிகம், வால் எலும்பு ஆகியவை உள்ளன. இத்தூணின் நடுவே செல்லும் குழாயில் தண்டுவடம் பாதுகாப்பாக அமைந்துள்ளது.

முள்ளெலும்புகளுக்கு இடையே மொத்தம் 23 வட்டுகள் உள்ளன. தூணின் நீளத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இவ்வட்டுகளால் ஆனது. இடுப்புப் பகுதி வட்டு ஒன்று ஏறத்தாழ 4 செ.மீ. அகலமும் 1 செ.மீ. தடிப்பும் உடையது.

ஒவ்வொரு வட்டிலும் மூன்று உறுப்புகள் உள்ளன.

முதலாவது, நடுவில் உள்ள கூழ்மையம். இளமையில் இதில் 80 விழுக்காட்டுக்கு மேல் நீர் உண்டு. நீரை ஈர்த்துப் பிடித்துக்கொள்ளும் பெரிய மூலக்கூறுகள் இதில் நிறைந்துள்ளன. மேலிருந்து அழுத்தும் சுமையை இக்கூழ் எல்லாப் பக்கமும் சமமாகப் பரப்புகிறது.

இரண்டாவது, கூழைச் சுற்றியுள்ள நார்வளையம். வெங்காயத்தின் தோல் போல 15 முதல் 25 அடுக்குகள் ஒன்றையொன்று சூழ்ந்துள்ளன. ஓர் அடுக்கின் நார்கள் வலப்புறம் சாய்ந்திருந்தால், அடுத்த அடுக்கின் நார்கள் இடப்புறம் சாய்ந்திருக்கும். உடல் எப்பக்கம் அசைந்தாலும் சில நார்களாவது இழுத்துப் பிடிக்க இவ்வமைப்பு உதவுகிறது.

மூன்றாவது, வட்டின் மேலும் கீழும் உள்ள மெல்லிய முனைத்தகடு. இது வட்டையும் எலும்பையும் இணைக்கிறது. வட்டுக்கு உணவு வரும் வாயிலும் இதுவே.

வட்டு இருபுறமும் எலும்போடு இறுகப் பிணைந்துள்ளது. எனவே மேசையிலிருந்து நாணயம் நழுவுவதுபோல முழு வட்டும் நழுவி வெளியேறுவதில்லை. ‘விலகிவிட்டது’ என்று கூறப்படும்போது உண்மையில் நிகழ்வது வேறு. நார்வளையம் புடைக்கிறது, அல்லது அது கிழிந்து உள்ளிருக்கும் கூழ் பிதுங்குகிறது. பிதுங்கிய கூழ் அருகிலுள்ள நரம்பு வேரை உறுத்தும்போது இடுப்பிலிருந்து கால்வரை வலி இறங்குகிறது. 1934ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவர்களான மிக்ஸ்டரும் பாரும் வெளியிட்ட கட்டுரையே இத்தொடர்பை மருத்துவ உலகம் பரவலாக ஏற்கச் செய்தது.

குருதி செல்லாத இடம்

கையில் கத்தி பட்டால் சில நாள்களில் புண் ஆறிவிடுகிறது. குருதி அவ்விடத்துக்கு உணவையும் உயிர்வளியையும் கொண்டு சேர்ப்பதே அதற்குக் காரணம். வட்டுக்கு அந்த வாய்ப்பு மிகக் குறைவு. குழந்தைப் பருவத்தில் வட்டின் ஓரங்களில் குருதிக்குழாய்கள் சிறிது உண்டு. வளர வளர அவை மறைந்துவிடுகின்றன. வளர்ந்தவர் உடலில் குருதிக்குழாய் இல்லாத மிகப்பெரிய உறுப்புப் பகுதி வட்டே ஆகும்.

அப்படியாயின் வட்டிலுள்ள உயிரணுக்கள் எவ்வாறு உயிர்வாழ்கின்றன? முள்ளெலும்பின் ஓரம்வரை வரும் நுண்குழாய்களிலிருந்து சர்க்கரையும் உயிர்வளியும் முனைத்தகட்டின் வழியே மெல்லக் கசிந்து உள்ளே செல்கின்றன. கழிவும் அதே வழியில் வெளியேறுகிறது.

இக்கசிவு எவ்வளவு மெதுவானது என்பதைக் கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் முதுகெலும்பு அறுவை வல்லுநர் எஸ். இராஜசேகரனும் அவருடைய குழுவினரும் காட்டினர். நிறமி போன்ற ஒரு மருந்தைக் குருதியில் செலுத்தி, எம்.ஆர்.ஐ. ஸ்கேன் கருவியால் மீண்டும் மீண்டும் படமெடுத்தனர். நலமான வட்டின் கூழ்மையத்தில் அம்மருந்து உச்ச அளவை எட்ட ஏறத்தாழ 6 மணி நேரம் ஆனது. முனைத்தகடு சிதைந்திருந்தால் இவ்வோட்டத்தின் போக்கு மாறுவதையும் அவர்கள் கண்டனர். 2004ஆம் ஆண்டில் வெளிவந்த இவ்வாய்வு பன்னாட்டுப் பரிசு பெற்றது.

உணவு மெதுவாக வருவதால் வட்டில் உயிரணுக்களும் குறைவு. அவை புதிய நார்களை உருவாக்கும் வேகமும் குறைவு. வட்டுக்கு நேரும் காயத்தைப் பற்றி அறியும்போது இச்செய்தியை மறவாதிருத்தல் வேண்டும்.

பகலில் அமுங்கி இரவில் ஊறும்

நிற்கும்போதும் நடக்கும்போதும் வட்டிலுள்ள நீரில் ஒரு பகுதி மெல்லப் பிழியப்படுகிறது. இரவில் படுத்திருக்கும்போது வட்டு அந்நீரை மீண்டும் உறிஞ்சி ஊறுகிறது. அதனால்தான் காலையில் எழுந்தவுடன் நம் உயரம் மாலையில் உள்ளதைவிட 1 செ.மீ.க்கும் மேலாகக் கூடுதலாக இருக்கிறது. அளவுநாடாவைக் கொண்டு வீட்டிலேயே இதனைச் சோதித்துப் பார்க்கலாம். எடையற்ற நிலையில் வாழும் விண்வெளி வீரர்கள் சில செ.மீ. உயரம் கூடுவதற்கும் இதுவே ஒரு காரணம்.

காலையில் நீர் நிறைந்து ஊறிய வட்டு இறுக்கமாக இருக்கும். அப்போது ஆழக் குனிந்தால் நார்வளையத்தின் மீது விழும் இழுவிசை மிகுதி. படுக்கையிலிருந்து எழுந்தவுடன் கனமான பொருளைக் குனிந்து தூக்கக் கூடாது என்பதன் காரணம் இதுவே.

சுமையின் கணக்கு

பூங்காவில் உள்ள சீசாப் பலகையை எண்ணிப் பார்க்கலாம். நடுவிலிருந்து தொலைவில் அமர்ந்திருக்கும் சிறுவனைத் தூக்க, நடுவுக்கு அருகில் அமர்ந்திருப்பவர் அவனைவிடப் பலமடங்கு எடையுடையவராக இருக்க வேண்டும். முதுகும் அவ்வாறே செயல்படுகிறது. வட்டு நடுப்புள்ளி. கையிலுள்ள பொருள் முன்புறம் தொலைவில் உள்ளது. அதனைச் சமன் செய்யும் முதுகுத் தசை பின்புறம் ஏறத்தாழ 5 செ.மீ. தொலைவில்தான் உள்ளது.

20 கிலோ எடையுள்ள பெட்டியை வட்டிலிருந்து 60 செ.மீ. முன்னே நீட்டிப் பிடிப்பதாகக் கொள்வோம். 20-ஐ 60-ஆல் பெருக்கி 5-ஆல் வகுத்தால் 240 வரும். அதாவது, 20 கிலோவைத் தாங்கத் தசை 240 கிலோ எடைக்கு ஒப்பான விசையுடன் இழுக்க வேண்டும். அவ்விசை முழுவதும் வட்டின்மேல் அழுத்தமாக விழுகிறது. அதே பெட்டியை 25 செ.மீ. தொலைவில் உடலோடு ஒட்டிப் பிடித்தால் 100 கிலோவுக்கு ஒப்பான விசை போதும். உடலின் மேற்பகுதியின் எடை இக்கணக்கில் சேர்க்கப்படவில்லை.

இது வெறும் ஏட்டுக் கணக்கு அன்று. 1960களில் சுவீடன் நாட்டு மருத்துவர் ஆல்ஃப் நாகெம்சன் உயிருள்ள மனிதரின் வட்டுக்குள் நுண்ணிய ஊசியைச் செலுத்தி அழுத்தத்தை அளந்தார். பின்னர் ஜெர்மனியின் உல்ம் நகர ஆய்வாளர்கள் தன்னார்வலர் ஒருவரின் இடுப்பு வட்டில் சிறு உணர்கருவியைப் பொருத்தி அளந்து, 1999இல் முடிவுகளை வெளியிட்டனர். அவற்றுள் சில வருமாறு. (அளவு: மெகாபாஸ்கல்)

படுத்திருத்தல் – 0.1
நிமிர்ந்து நிற்றல் – 0.5
20 கிலோவை உடலோடு ஒட்டிப் பிடித்தல் – 1.1
20 கிலோவை முழங்காலை மடக்கித் தூக்குதல் – 1.7
20 கிலோவை மார்பிலிருந்து 60 செ.மீ. தள்ளிப் பிடித்தல் – 1.8
20 கிலோவை முதுகை வளைத்துத் தூக்குதல் – 2.3

காரின் சக்கரத்தில் அடைக்கப்படும் காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 0.2 மெகாபாஸ்கல். முதுகை வளைத்து 20 கிலோவைத் தூக்கும்போது வட்டில் உண்டாகும் அழுத்தம் அதனைப்போல் பத்து மடங்குக்கும் மேலானது. எடை மாறாதபோதும், அதனைப் பிடிக்கும் முறை மாறினால் அழுத்தம் மாறுகிறது என்பதை இவ்வட்டவணை தெளிவாக்குகிறது.

காயம் நேரும் வழிகள்

நலமான வட்டு பெருஞ்சுமையையும் தாங்கும் திறனுடையது. எனினும் மூன்று வழிகளில் அது காயமுறலாம்.

ஒன்று, நேர் அழுத்தம். உயரத்திலிருந்து விழுந்து இருக்கை தரையில் மோதும்போதோ அளவுக்கு மீறிய எடையைத் தூக்கும்போதோ வட்டு மேலும் கீழுமாக நசுங்குகிறது. அப்போது முதலில் உடைவது பெரும்பாலும் வட்டு அன்று. மெல்லிய முனைத்தகடே ஆகும். உடைந்த இடத்தின் வழியே கூழ் எலும்புக்குள் புகுவதும் உண்டு. இத்தகைய குழிகளை விரிவாக ஆராய்ந்த ஜெர்மானிய மருத்துவர் சுமோர்லின் பெயரால் அவை ‘சுமோர்ல் கணுக்கள்’ எனப்படுகின்றன.

இரண்டு, வளைவும் முறுக்கும் சேர்ந்த விசை. முன்னே குனிந்து, பக்கவாட்டில் திரும்பி, எடையையும் தூக்கும்போது நார்வளையத்தின் பின்பகுதி மிகுதியாக இழுபடுகிறது. முறுக்கும் திசைக்கு ஏற்பச் சாய்ந்த அடுக்குகள் மட்டுமே விசையை எதிர்க்கின்றன. மாறாகச் சாய்ந்தவை தளர்ந்துவிடுகின்றன. ஆகவே பாதி நார்களே முழுச் சுமையையும் ஏற்கின்றன. லாரியிலிருந்து மூட்டையை இறக்கும்போது காலை நகர்த்தாமல் இடுப்பை மட்டும் திருப்புவோர்க்கு நேரும் இடர் இது.

மூன்று, திரும்பத் திரும்ப விழும் சிறு சுமை. கம்பியை ஒருமுறை வளைத்தால் ஒடியாது. பலமுறை வளைத்தால் ஒடியும். அவ்வாறே தாங்கக்கூடிய சுமையாயினும், இடைவிடாது விழும்போது எலும்பிலும் நாரிலும் நுண்ணிய விரிசல்கள் தோன்றுகின்றன. நாமக்கல்லிலிருந்து புறப்பட்டு இந்தியாவெங்கும் செல்லும் லாரி ஓட்டுநர்களின் முதுகு நாள்முழுதும் அதிர்வுக்கு உள்ளாகிறது. அமர்ந்திருக்கும் மனிதரின் முதுகெலும்பு, நொடிக்கு ஏறத்தாழ ஐந்து முறை அதிரும் அதிர்வுக்கு மிகுதியாக ஆடும் இயல்புடையது. ஓடும் வண்டியின் இருக்கையில் உண்டாகும் அதிர்வும் பெரும்பாலும் அவ்வேகத்தை ஒட்டியதே. எனவேதான் நல்ல இருக்கையும் இடையிடையே இறங்கி நடத்தலும் ஓட்டுநர்க்கு இன்றியமையாதவை ஆகின்றன.

நோயாளரின் முதுகிலும் இக்காயங்கள் காணப்படுகின்றன. முன்னர்க் குறிப்பிட்ட கோயம்புத்தூர்க் குழுவினர், வட்டு பிதுங்கிய 181 பேரை ஆராய்ந்து 2013இல் முடிவை வெளியிட்டனர். அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர்க்கு, நார்வளையம் நடுவில் கிழிந்ததைவிட, வட்டும் முனைத்தகடும் எலும்பும் இணையும் இடமே பெயர்ந்திருந்தது.

சிறு காயம், நீண்ட தேய்வு

காயம் சிறியதாயினும் அதன் விளைவு அங்கேயே நின்றுவிடுவதில்லை. முனைத்தகடு உடைந்தால் கூழுக்குச் சற்று இடம் கிடைக்கிறது. அதன் அழுத்தம் குறைகிறது. கூழ் தாங்க வேண்டிய சுமை நார்வளையத்தின்மேல் விழுகிறது. நாளடைவில் வளையத்தின் உள்ளடுக்குகள் உள்நோக்கி மடிகின்றன. வெளியடுக்குகள் வெளிநோக்கிப் புடைக்கின்றன. சுமையின் பங்கீடு மாறுவதால் உயிரணுக்களும் முன்போல் செயல்படுவதில்லை. நீரைப் பிடித்துவைக்கும் மூலக்கூறுகள் குறைகின்றன. வட்டு வறண்டு தடிப்புக் குறைகிறது. தடிப்புக் குறையவே, முதுகின் பின்புறமுள்ள சிறு மூட்டுகளின்மேல் சுமை கூடுகிறது. ஒரு தூண் சாய்ந்தால் அதன் பாரம் அடுத்த தூணுக்குச் செல்வதுபோல இத்தேய்வு தொடர்கிறது.

1990ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் செம்மறியாடுகளில் இதனைச் சோதித்தனர். நார்வளையத்தின் வெளிப்பகுதியில் மட்டும் சிறு வெட்டு இடப்பட்டது, கூழைத் தொடவில்லை. மாதங்கள் சென்றபின் பார்த்தபோது, வெளிவிளிம்பு தழும்பு கட்டி ஆறியிருந்தது. குருதிக்குழாய் அருகில் இருப்பது அங்கேதான். ஆனால் உள்ளடுக்குகளில் விரிசல் பரவிக் கூழும் சிதையத் தொடங்கியிருந்தது. குருதி எட்டாத இடத்தில் காயம் ஆறுவது அரிது என்பதற்கு இது சான்று.

நலமான வட்டில் வலியை உணரும் நரம்பு நுனிகள் வெளியடுக்குகளில் மட்டுமே உள்ளன. சிதைந்த வட்டில் அந்நுனிகள் விரிசல்களின் வழியே உள்ளே வளர்வதும் கண்டறியப்பட்டுள்ளது. முன்பு வலியறியாத இடம் பின்பு வலியறியும் இடமாக மாற இதுவும் ஒரு காரணம்.

தேய்வும் வலியும் ஒன்றல்ல

இதுவரை கூறியவற்றால், தேய்ந்த வட்டு உடையவர் அனைவர்க்கும் வலி இருக்கும் என்று கருதத் தோன்றும். உண்மை அவ்வாறில்லை.

முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் படங்களைப் பற்றிய ஆய்வுகள் தொகுக்கப்பட்டு 2015இல் வெளியாயின. 20 வயதினரில் 37 விழுக்காட்டினர்க்கும், 80 வயதினரில் 96 விழுக்காட்டினர்க்கும் வட்டில் தேய்வு காணப்பட்டது. தலை நரைப்பதுபோல வட்டு தேய்வதும் பெரும்பாலும் வயதின் அடையாளமே. ‘தேய்மானம்’ என்ற சொல்லை ஸ்கேன் அறிக்கையில் கண்டவுடன் வாழ்வே முடிந்ததாக எண்ணுதல் தவறு. அறிக்கையை நோயாளியின் உடல்நிலையோடு ஒப்பிட்டு முடிவு கூற வேண்டியவர் மருத்துவர்.

மற்றொரு செய்தியும் கருதத்தக்கது. பின்லாந்து நாட்டில் ஒத்த இரட்டையர்களின் வட்டுகள் ஒப்பிடப்பட்டன. ஒருவர் உடலுழைப்பு மிக்க வேலையும் மற்றவர் அமர்ந்து செய்யும் வேலையும் பார்த்திருந்தபோதும், இருவர் வட்டுகளும் பெரிதும் ஒத்திருந்தன. தேய்வின் அளவைத் தொழிலைவிட மரபே மிகுதியாக முடிவு செய்வதாக 1995இல் வெளியான அவ்வாய்வு காட்டியது.

அப்படியாயின் சுமைக்குப் பங்கில்லையா? உண்டு. ஒரே எடையை இரண்டு கயிறுகளில் கட்டித் தொங்கவிட்டால் இழை வலுவான கயிறு தாங்கும். நைந்த கயிறு அறும். இழையின் வலிமை மரபால் அமைவது. எடை வாழ்க்கையால் வருவது. இரண்டும் சேர்ந்தே விளைவைத் தருகின்றன. எனவே முதுகுவலியால் துன்புறுவோரைப் பார்த்து, “ஒழுங்காகத் தூக்கியிருந்தால் வந்திருக்காது” என்று குறை கூறுவது அறிவுடைமை ஆகாது.

ஓய்வா, இயக்கமா?

முதுகுவலி வந்தவரைப் பல நாள் படுக்கவைப்பது பழைய வழக்கம். பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரில் நடந்து 1995இல் வெளியான ஆய்வு இதனைச் சோதித்தது. கடும் இடுப்புவலி கண்ட ஊழியர்களில் ஒரு பகுதியினர் இரு நாள் படுத்து ஓய்வெடுத்தனர். ஒரு பகுதியினர் முதுகுக்கான பயிற்சிகளைச் செய்தனர். மற்றொரு பகுதியினர் வலி தாங்கும் அளவுக்கு வழக்கமான வேலைகளைச் செய்தனர். விரைவில் நலமடைந்தவர்கள் வழக்கமான வேலைகளைச் செய்தவர்களே.

இதற்குக் காரணம் உண்டு. படுத்தே கிடந்தால் முதுகுத் தசைகள் வலுவிழக்கின்றன. மிதமான அசைவும் நடையும் தசைக்கு வலிமை தருகின்றன. வட்டின் உயிரணுக்களுக்கும் ஏற்றவை. பிதுங்கிய கூழும் பலரிடம் சில மாதங்களில் தானாகவே சுருங்கிவிடுகிறது. காலுக்கு இறங்கும் வலியும் பெரும்பாலோர்க்கு அறுவையின்றியே குறைகிறது.

எனினும் சில அறிகுறிகள் தோன்றினால் சிறிதும் காலம் தாழ்த்தலாகாது. சிறுநீரையோ மலத்தையோ அடக்கவோ கழிக்கவோ இயலாமை, இருக்கையில் படும் உடற்பகுதி மரத்துப்போதல், கால் வலுவிழந்து தொய்தல் ஆகியவை நரம்புகள் கடுமையாக நெருக்கப்படுவதைக் காட்டலாம். அன்றே, அப்பொழுதே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். விழுந்தபின் தோன்றும் கடும்வலியையும், காய்ச்சலோடு வரும் முதுகுவலியையும் மருத்துவரிடம் உடனே காட்ட வேண்டும்.

காக்கும் வழிகள்

தூக்கும் முன் எடையை அசைத்துப் பார்த்து மதிப்பிட வேண்டும். பொருளுக்கு மிக அருகில் நின்று, முழங்காலை மடக்கி, பொருளை உடலோடு அணைத்துத் தூக்க வேண்டும். திரும்ப வேண்டுமாயின் இடுப்பை முறுக்காமல் காலடியை மாற்றி வைக்க வேண்டும். பெரிய எடையை இருவராகவோ தள்ளுவண்டியாலோ நகர்த்த வேண்டும். புகைபிடித்தல் நுண்குழாய்களைக் கெடுத்து வட்டுக்கு வரும் உணவைக் குறைப்பதால் அதனைத் தவிர்க்க வேண்டும்.

இவை அனைத்தும் தூக்குபவரின் கையில் மட்டும் இல்லை. மூட்டையின் எடையை முடிவு செய்பவர் அதனைத் தூக்குபவர் அல்லர். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1967ஆம் ஆண்டுப் பரிந்துரை, ஓர் ஆண் தொழிலாளி தனியே தூக்கும் எடை 55 கிலோவுக்கு மேற்பட்டிருந்தால் அதனைக் குறைக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. காயம் விளைவிக்கத்தக்க எடையை எவரையும் தூக்கவைக்கலாகாது என்று இந்தியாவின் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமும் விதித்தது. தள்ளுவண்டி தருதல், சிறிய மூட்டைகளில் நிரப்புதல், இடையிடையே ஓய்வு தருதல் ஆகியவை வேலை தருவோரின் கடமைகள்.

மாணவர்க்கும் இதில் பங்குண்டு. பள்ளிப்பையின் எடை மாணவரின் எடையில் 10 விழுக்காட்டைத் தாண்டலாகாது என 2020ஆம் ஆண்டின் பள்ளிப்பைக் கொள்கை கூறுகிறது. 40 கிலோ எடையுள்ள மாணவரின் பை 4 கிலோவுக்குள் இருத்தல் வேண்டும். அன்றன்றைக்கு வேண்டிய நூல்களை மட்டும் எடுத்துச் சென்று, இரு தோள்களிலும் பட்டையை மாட்டிக்கொள்வது நன்று.

வட்டு நாள்தோறும் நீரை இழந்து நாள்தோறும் மீண்டும் பெறுகிறது. இழந்த நாரை மட்டும் அது எளிதில் பெறுவதில்லை. ஆகவே வட்டைக் காயத்திலிருந்து காப்பதே முதல் மருந்து. காயம் நேர்ந்தபின் அஞ்சி முடங்காமல் அளவோடு இயங்குவது அடுத்த மருந்து.

தெரிந்து தெளிவோம் – வலியைச் சொல்லும் சொற்கள்

பிறமொழி வழங்கும் ஊரில் மருத்துவரிடம் செல்லும் பெரியோர்க்காக வீட்டுப் பிள்ளைகளே மொழிபெயர்க்க நேர்கிறது. எல்லா வலியையும் ‘வலி’ என்று மட்டும் கூறினால் மருத்துவர்க்கு முழுச்செய்தி கிட்டாது. தமிழில் வலிக்குத் தனித்தனிச் சொற்கள் உள்ளன.

குத்தல் – ஊசியால் குத்துவது போன்ற வலி
குடைச்சல் – எலும்பின் உள்ளே துளைப்பது போன்ற வலி
கடுப்பு – நெடுநேரம் நின்றபின் தோன்றும் சோர்வு கலந்த வலி
எரிச்சல் – நெருப்புப் பட்டது போன்ற உணர்வு
சுண்டி இழுத்தல் – இடுப்பிலிருந்து கால்வரை மின்னல்போல் பாயும் வலி
மரத்தல் – தொட்டாலும் உணர்வின்மை

பாட்டி “சுண்டி இழுக்குது” என்றால் நரம்பு வலியாக இருக்கலாம். “மரத்துப்போச்சு” என்றால் அதனை மருத்துவரிடம் தவறாமல் கூற வேண்டும்.

சொல்லும் பொருளும்

திரிகம் – முதுகெலும்பின் அடியில் உள்ள முக்கோண வடிவ எலும்பு
உயிர்வளி – ஆக்சிஜன்
விழுக்காடு – நூற்றுக்கு இவ்வளவு என்னும் அளவு
மரபு – பெற்றோர் வழியாக வரும் உடற்கூறு
தன்னார்வலர் – தாமே விரும்பி முன்வருபவர்

மதிப்பீடு

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. வட்டுக்கு உணவு வரும் வாயில் ________.
(க) கூழ்மையம் (ங) முனைத்தகடு (ச) தண்டுவடம்

2. நேர் அழுத்தத்தால் பெரும்பாலும் முதலில் உடைவது ________.
(க) நார்வளையம் (ங) முனைத்தகடு (ச) வால் எலும்பு

3. ‘முள்ளெலும்பு’ என்னும் சொல்லைப் பிரித்து எழுதக் கிடைப்பது ________.
(க) முள் + எலும்பு (ங) முள்ளு + லும்பு (ச) முள்ளெ + எலும்பு

ஆ. குறுவினா

1. காலையில் நம் உயரம் கூடுதலாக இருப்பது ஏன்?
2. ‘வட்டு நழுவிவிட்டது’ என்பது ஏன் பொருந்தாத கூற்று?
3. உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அறிகுறிகள் இரண்டனை எழுதுக.

இ. சிறுவினா

1. 15 கிலோ எடையுள்ள பையை வட்டிலிருந்து 50 செ.மீ. தள்ளிப் பிடித்தால் முதுகுத் தசை எவ்வளவு விசையுடன் இழுக்க வேண்டும்? 20 செ.மீ. தொலைவில் பிடித்தால் எவ்வளவு? இரண்டையும் ஒப்பிட்டு எழுதுக.
2. செம்மறியாட்டு ஆய்வு உணர்த்தும் செய்தியை விளக்குக.

ஈ. சிந்தனை வினா

‘முதுகுவலிக்குத் தூக்கியவரே பொறுப்பு’ – இக்கூற்றைப் பாடச் செய்திகளின் துணைகொண்டு ஆராய்ந்து எழுதுக.

உ. செயல்பாடு

நின்றோ சுமந்தோ நெடுநேரம் அமர்ந்தோ வேலை செய்யும் உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் அவருடைய வேலையைப் பற்றித் தமிழில் கேட்டறிக. நாளொன்றுக்கு எவ்வளவு எடை தூக்குகிறார், எவ்வாறு தூக்குகிறார், உடலில் எங்கே, எத்தகைய வலி தோன்றுகிறது என்பனவற்றை அவர் கூறிய சொற்களிலேயே எழுதி வருக. அவற்றுள் ஒன்றை உங்கள் ஊர் மொழியில் மருத்துவரிடம் எவ்வாறு கூறுவீர்கள் என்பதை வகுப்பில் சொல்லிக் காட்டுக.